அமுதவல்லியின் கன்னத்தில் பச்சை

அம்பத்தூர் ஓ.டி. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு ஸ்டுடியோ இருக்கிறதாம். அங்கே கம்ப்யூட்டரில் கல்யாணப் படம் போட்டுப் பார்த்தால், புருஷன் வீட்டில் நிலைக்காத பெண்ணுக்கு மட்டும் கன்னத்தில் பச்சை விழுகிறதாம்.

இதை எனக்குச் சொன்னவள் கொரட்டூரில் இருக்கும் என் தங்கை வசந்தகுமாரி. அவளுக்குச் சொன்னது மாடிவீட்டு அம்மாள். அந்த அம்மாளுக்கு மின்சார ரயிலின் லேடீஸ் பெட்டியில் யாரோ சொன்னார்களாம். நான் மஸ்கட்டில் வெள்ளிக்கிழமை லீவில் இருந்தேன். ஊரிலிருந்து வரும் எந்தச் செய்தியையும் முதலில் கெட்ட செய்தியாக எடுத்துக்கொண்டு, பிறகு மெதுவாக நல்லதாக்கிக்கொள்வது என் வழக்கம்.

"எந்த ஸ்டுடியோ?" என்றேன்.

"பேர் சொல்லலண்ணா. ஆனா கம்ப்யூட்டர்ல ஆல்பம் பண்றது ஓ.டி.ல ஒண்ணே ஒண்ணுதானே. நம்ம அண்ணி வேலை பாக்குற எடம்தான்."

அன்று மத்தியானச் சாப்பாடு எனக்கு இறங்கவில்லை.

அண்ணி என்றால் சாமுண்டீஸ்வரி, என் அண்ணன் வேலுசாமியின் மனைவி. அண்ணனுக்கு ஆவடி தொழிற்சாலையில் ஃபிட்டர் வேலை. குவார்ட்டர்ஸில் பல வருஷம் இருந்துவிட்டு நெமிலிச்சேரியில் சின்னதாக வீடு கட்டிக்கொண்டு போனார்கள். குடியாத்தத்திலிருந்து வாழ வந்த அண்ணிக்குப் பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றது. இளையவன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த வருஷம், எண்பத்தாறோ எண்பத்தேழோ, வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று அம்பத்தூரில் சக்திவேல் ஸ்டுடியோவில் சேர்ந்தார். கவுண்டரில் உட்கார வேண்டும். பாஸ்போர்ட் சைஸ் படம் எடுக்க வருகிறவர்களுக்கு டோக்கன் கொடுக்க வேண்டும். கண்ணாடி, சீப்பு, பவுடர் டப்பா மூன்றையும் எடுத்து நீட்ட வேண்டும். படம் கழுவி வந்ததும் ஓரம் வெட்டிக் கவரில் போட வேண்டும். பத்து வருஷத்துக்கும் மேலே அம்பத்தூர் ஜனம் முழுவதும் அண்ணி கொடுத்த சீப்பில்தான் தலை வாரிக்கொண்டது.

ஸ்டுடியோ முதலாளி கோவிந்தராஜ் தொண்ணூற்றேழில் ஒரு கம்ப்யூட்டர் வாங்கினார். அதில் படம் திருத்துகிற சாஃப்ட்வேர் போட்டு, வேலை தெரிந்த ஆளையும் அமர்த்தினார். வந்த ஆட்கள் கொஞ்ச நாள் இருந்துவிட்டு மவுண்ட் ரோடு பக்கம் பெரிய கடைகளுக்குப் போய்விட்டார்கள். மூன்றாவது ஆளும் சொல்லாமல் நின்றபோது, பாதியில் கிடந்த ஒரு ஆல்பத்தை அண்ணி கவுண்டரை விட்டு எழுந்துபோய் முடித்துக் கொடுத்தார். அத்தனை நாளும் அவர்கள் முதுகுக்குப் பின்னால் நின்று பார்த்த பாடம் அது. நாற்பதை நெருங்கும் வயதில் மவுஸைப் பிடித்தவர், அதற்குப் பிறகு அந்த நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

அந்த வேலையில் அவருக்கு இருந்த ருசியை எனக்கு விளக்கத் தெரியவில்லை. மணமக்கள் தலைக்குப் பின்னால் போகும் மின்கம்பியை எடுப்பார். தாலி கட்டும் நேரத்தில் கண்ணை மூடிக்கொண்ட மாப்பிள்ளைக்கு இன்னொரு படத்திலிருந்து கண்ணை எடுத்துத் திறந்து வைப்பார். ஆவடி, பட்டாபிராம் பக்கத்துக் குடும்பங்களில் யாராவது ஒருவருக்கு லீவு கிடைக்காமல் கல்யாணம் நடந்துவிடும். அப்படி வராமல் போனவர்களைக் குடும்பப் படத்தில் கொண்டுவந்து நிறுத்துவதில் அண்ணி பேர் வாங்கியவர். வசந்தகுமாரியின் கல்யாணப் படத்தில் நான் பெரிய மாமாவுக்குப் பக்கத்தில் நிற்கிறேன். என் நிழல்கூட மற்றவர்கள் நிழல் விழுகிற பக்கமாகவே விழுந்திருக்கிறது. அந்த நாளில் நான் மஸ்கட்டில் ஒரு ஏசி அறையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அண்ணிக்கு ஒரே தொந்தரவு, படம் பார்க்க வருகிற கூட்டம். பெண் வீடு, மாப்பிள்ளை வீடு எல்லாரும் அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று தோளுக்கு மேலே எட்டிப் பார்ப்பார்கள். ஆளுக்கொரு விரலைத் திரையில் வைப்பார்கள். அதனால் முதலாளியிடம் கேட்டுக்கேட்டு, கவுண்டருக்கு அந்தப் பக்கம் ஜனங்களைப் பார்க்கிற மாதிரி இரண்டாவது மானிட்டர் ஒன்றை வைக்கச் சொன்னார். எஸ்டேட் என்று எல்லாரும் சொல்லும் தொழிற்பேட்டையில் மூடிப்போன ஒரு வரைபட ஆபீஸிலிருந்து பெரிய மானிட்டராகவே கிடைத்தது. கம்ப்யூட்டரை அசெம்பிள் செய்து கொடுத்த பாஸ்கரன் வந்து உள்ளே இன்னொரு கார்டு செருகி, இரண்டு திரையிலும் படம் வரவைத்தான். இனி அண்ணி இந்தப் பக்கம் வேலை செய்வார். ஜனம் அந்தப் பக்கம் உட்கார்ந்து பார்க்கும்.

கோவிந்தராஜ் பக்திமான். எது புதிதாக வந்தாலும் சந்தனம் குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டுவார். கடையில் அவர் ஒரு முருகன் பெட்டி வைத்திருந்தார். கரண்டில் செருகினால் ‘ஓம் சரவணபவ’ என்று நிற்காமல் சொல்லிக்கொண்டே இருக்கும் பிளாஸ்டிக் டப்பா அப்போது எல்லாக் கடைகளிலும் வந்துவிட்டது. ரோட்டுச் சத்தத்தில் அது காதில் விழவில்லை என்று, ரேடியோ மெக்கானிக் சண்முகசுந்தரத்திடம் கொடுத்து, நல்ல கனமான மரப்பெட்டிக்குள் வைத்துக் கணீரென்று கேட்கும்படி செய்துகொண்டார். பெட்டியின் முகப்பில் முருகன் படம், மேலே சின்னச் சிவப்பு பல்பு, தினமும் ஒரு முழம் கதம்பம். புது மானிட்டருக்குப் பூஜை போட்ட அன்று, துணைக்கு இருக்கட்டும் என்று அந்தப் பெட்டியை அதன் பக்கத்திலேயே வைத்தார்.

முதல் வாரமே ஒரு கோளாறு. படம் திருத்தும் கருவிகள் இருக்கிற சின்னக் கட்டம், கத்தி பென்சில் தூரிகை எல்லாம் அடுக்கினாற்போல் ஒரு பட்டை, அண்ணியின் திரையிலிருந்து காணாமல் போயிற்று. அழிந்துவிட்டது என்று பதறி பாஸ்கரனைக் கூப்பிட்டார். அவன் சாஃப்ட்வேரை முழுவதும் எடுத்துவிட்டு மறுபடி போட்டான். மறுநாள் திரும்பவும் காணோம். அப்போது அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த கிழவர் ஒருவர் எட்டிப் பார்த்துக் கேட்டார்:

"இன்னாம்மா, எம் பேத்தி தலை மேல கத்தி, பென்சிலுல்லாம் தொங்குது? இதுவும் சேத்துதான் ஆல்பத்துல வருமா?"

கட்டம் நகர்ந்து நகர்ந்து அடுத்த திரைக்குப் போய் உட்கார்ந்துகொண்டிருந்தது. சாஃப்ட்வேர் அதை அங்கேயே நினைவு வைத்துக்கொண்டு, ஒவ்வொரு தடவையும் அங்கேயே திறந்தது. அண்ணி இந்தப் பக்கம் தேடிக்கொண்டிருந்தார். விஷயம் தெரிந்ததும் அவரும் பாஸ்கரனும் சிரித்த சிரிப்பைப் போனில் சொல்லும்போது என்னிடமும் ஒரு தடவை சிரித்தார்.

அடுத்து வந்தது சிரிக்கிற மாதிரி இல்லை.

எஸ்டேட் வாசலில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் வேம்புலியம்மாளின் மகள் அமுதவல்லிக்குச் சித்திரையில் கல்யாணம் நடந்தது. ஆல்பம் சக்திவேல் ஸ்டுடியோவில்தான். வேம்புலியம்மாள் சொன்னால் எஸ்டேட்டில் பாதிப் பேர் அங்கேதான் படம் எடுப்பார்கள் என்பதால், அண்ணி அந்த ஆல்பத்தைப் பார்த்துப் பார்த்துச் செய்தார். படத்தைப் பார்க்க வேம்புலியம்மாள் தனியாக வரவில்லை. மகளின் நாத்தனாரையும் அழைத்து வந்தார். சம்பந்தி வீட்டுக்கு மரியாதை.

அமுதவல்லி முகம் மட்டும் பெரிதாக வருகிற படத்தை அண்ணி திறந்தார். அவர் திரையில் முகம் மஞ்சள் பூசிக் குளித்த மாதிரி இருந்தது.

"இன்னாம்மா இது," என்றார் வேம்புலியம்மாள். "பொண்ணு கன்னத்துல பாசி புடிச்சாப்புல கீது?"

அண்ணி கவுண்டரைச் சுற்றிக்கொண்டு போய்ப் பார்த்தார். வலது கன்னத்திலிருந்து நெற்றி வரை பச்சையாக ஒரு திட்டு. அதன் ஓரத்தில் கத்திரிப்பூ நிறம்.

"பிரிண்ட்ல வராதும்மா. என் பக்கம் நல்லாத்தான் இருக்கு, வந்து பாருங்க."

"உன் பக்கம் நல்லா கீது சரி. எங்க பக்கம் ஏன் இப்டி கீது?"

நாத்தனார் கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, "மத்த படத்துலல்லாம் ஒண்ணும் இல்ல பாருங்க அத்தே. எங்க அண்ணி மூஞ்சில மட்டும்தான் கீது," என்றாள்.

உண்மைதான். மற்றவை எல்லாம் கூட்டமாக நிற்கிற படங்கள். திட்டு விழுகிற இடத்தில் பந்தல் துணியோ வாழைமரமோ இருந்தது. வாழை இலையில் பச்சையை யார் பார்ப்பார்கள்? ஒற்றை முகம் பெரிதாக வந்தால்தான் கன்னம் சரியாக அந்த மூலையில் வந்து உட்கார்ந்தது. இந்த விளக்கமெல்லாம் பிறகு யோசித்தது. அன்று அந்த நாத்தனார் சொன்ன ஒரு வாக்கியம் கடையை விட்டு இறங்கி, ரயிலேறி, கொரட்டூர் வரை போய், அங்கிருந்து மஸ்கட்டுக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

கோவிந்தராஜ் இதைத் திருஷ்டி என்று முடிவு செய்தார். "எஸ்டேட்ல மூடுன கம்பெனி சாமானாச்சே. எவன் வயித்தெரிச்சல் ஒட்டிக்கினு கீதோ," என்றார். எலுமிச்சம்பழம் கட்டினார். பூசணிக்காய் சுற்றி உடைத்தார். முருகன் பெட்டி பக்கத்தில் இருந்தால் போதாது, தலைமேலேயே இருக்கட்டும் என்று தூக்கி மானிட்டரின் உச்சியில் வைத்து, ஒரு மண்டலத்துக்கு நிறுத்துவதில்லை என்று வேண்டிக்கொண்டார்.

அதற்கப்புறம் திட்டு பாதித் திரைக்கு வந்தது.

அண்ணி பாஸ்கரனுக்குப் போன் போட்டார். அவன் கெட்டிக்காரன். முதல் கேள்வியே சரியாகத்தான் கேட்டான்.

"அக்கா, மானிட்டர் பக்கத்துல ஸ்பீக்கர் எதாவது இருக்கா? ஸ்டெபிலைசர், டேபிள் ஃபேன்?"

"ஸ்பீக்கரா? நம்மகிட்ட ஏதுப்பா ஸ்பீக்கர். ஸ்டெபிலைசர் இருக்கு, ஃபேன் இருக்கு."

"ரெண்டையும் தள்ளி வைங்க."

தள்ளி வைத்தார். ஒன்றும் மாறவில்லை. பாஸ்கரன் நேரில் வந்தான். ஒயரை மாற்றினான், உள்ளே கார்டை மாற்றினான், சாஃப்ட்வேரில் நிறத்துக்கான அமைப்பு ஒவ்வொன்றையும் மாற்றிப் பார்த்தான். மானிட்டரை நகர்த்த வேண்டியிருந்தபோது உச்சியிலிருந்த முருகன் பெட்டியைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெட்டி ஆடாமல் அண்ணியைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, இரண்டையும் சேர்த்தே நகர்த்தினான். கடைசியில், "டியூபே போச்சு போலருக்குக்கா," என்று கையைத் துடைத்துக்கொண்டான்.

வைகாசியில் வரவேண்டிய ஆர்டர்கள் வரவில்லை. வந்து விசாரித்தவர்களும் இரண்டாவது திரையை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, "ஊட்ல கேட்டுக்கினு வர்றோம்," என்று போனார்கள். வேம்புலியம்மாள் ஒருநாள் வந்து நெகட்டிவ் சுருள்களைத் திருப்பிக் கேட்டார்.

"ஆல்பம் பாதி முடிஞ்சிருக்கும்மா," என்றார் அண்ணி.

"நீ நல்லாத்தான் செய்வே, நான் இல்லன்னா சொல்றேன்? ஆனா எங்க சம்பந்தி வாயி எஸ்டேட் சங்கு மாதிரி. எம் மருமவன் ஞாயித்துக்கெழம வரும். ஆவடில வேற எடத்துல குடுத்துக்கறோம்."

அன்று சாயங்காலம் கோவிந்தராஜ் கல்லாவில் உட்கார்ந்தபடி சொன்னார். கோபமாகச் சொல்லவில்லை.

"சாமு, வேம்புலி ஆல்பம் போச்சுன்னா எஸ்டேட்டே போச்சு. அப்பறம் இந்தக் கம்ப்யூட்டர வச்சிக்கினு நான் இன்னா பண்றது? வந்த வெலைக்குக் குடுத்துட்றேன். நீ ஒண்ணும் கவலப்படாத, பழையபடி கவுண்டர்ல உக்காரு. உன் வேல எங்கயும் போவாது."

வேலை போகாது. நாற்காலி போய்விடும். மறுபடியும் சீப்பு, கண்ணாடி, பவுடர் டப்பா. வேம்புலியம்மாளின் மருமகன் வந்து நெகட்டிவை ஆவடிக்கு எடுத்துப்போகும் அந்த ஞாயிற்றுக்கிழமை வரைதான் அவகாசம். நான் போன் செய்தபோது இதைத்தான் சொன்னார். ஒரு புது மானிட்டரை வாங்கி அனுப்பட்டுமா, யாராவது ஊருக்கு வருகிறார்களா என்று விசாரிக்கட்டுமா, கஸ்டம்ஸில் பிடிப்பார்களா என்று நான் அடுக்கிக்கொண்டே போனேன்.

"தம்பி, நீங்க சாப்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்ல."

"போய்ச் சாப்பிடுங்க. மானிட்டர் கெட்டா உங்களுக்கு ஏன் வயிறு கெடணும்?"

திங்கட்கிழமை திருத்தணியில் கோவிந்தராஜின் பங்காளி ஒருவர் காலமானார். தீட்டு வந்துவிட்டது. கடையைத் திறக்கலாம், பூஜை கூடாது. ஆனால் முருகன் பெட்டியை ஒரு மண்டலம் நிறுத்தக்கூடாது என்று வேண்டுதல் இருக்கிறதே. கிளம்புகிற அவசரத்தில் கோவிந்தராஜ் பக்கத்துக் கடையை எட்டிப் பார்த்தார். அது ஜோசப்ராஜின் எஸ்.டி.டி. பூத்.

"ஜோசப்பு, ஒரு ஒத்தாச. நம்ம முருகன ஒரு வாரம் உன்னாண்ட வச்சிக்கிறியா? நிறுத்தாம ஓடணும்."

"இன்னா அண்ணாத்தே இப்டி கேக்குற. எங்க மாதா பக்கத்துல வச்சிக்கறேன். ரெண்டு பேரும் பேசிக்கினு இருக்கட்டும்."

"வெளையாடாத நைனா."

"வெளையாடல, கரண்டு கூட நம்மது. நீ போய்ட்டு வா."

அண்ணிதான் பெட்டியைத் தூக்கிக்கொண்டுபோய்க் கொடுத்தார்.

மறுநாள் காலை கடையைத் திறந்து இரண்டு திரைகளையும் போட்டார். இரண்டாவது மானிட்டர் எப்போதும்போல டம்மென்று ஒரு சத்தம் கொடுத்து ஒளிர்ந்தது. நெகட்டிவ் போய்விட்டாலும் படங்கள் கம்ப்யூட்டரில் இருந்தன. மனசு கேட்காமல் அமுதவல்லியின் முகத்தைத் திறந்துவிட்டு, டீயை எடுத்துக்கொண்டு கவுண்டரைச் சுற்றி அந்தப் பக்கம் போனார்.

கன்னம் சுத்தமாக இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். அவர் பயந்தார். ஏன் வந்தது என்று தெரியாதது, ஏன் போயிற்று என்றும் தெரியாமல் போனால், ஞாயிற்றுக்கிழமைக்குள் வேம்புலியம்மாளை நாத்தனாரோடு வரவழைத்து உட்கார வைக்கும்போது திரும்பி வராது என்பது என்ன நிச்சயம்? கோவிந்தராஜிடம் போனில் சொன்னபோது, "சாவு ஊட்டத் தாண்டி திருஷ்டி நிக்காது," என்று திருப்தியாகச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அண்ணிக்குத் திருப்தி வரவில்லை. ஒயர், கார்டு, ஃபேன், நேற்று எது எங்கே இருந்தது என்று ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தார். எல்லாம் இருந்த இடத்தில்தான் இருந்தன. சாமி தீட்டுக்காக வெளியே போயிருப்பது அந்தக் கணக்கில் வரவே இல்லை.

மத்தியானத்துக்கு மேல் பக்கத்துக் கடையில் கூச்சல் கேட்டது. உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த சமயம். பூத்தில் ஜோசப்ராஜ் ஒரு கலர் டிவி வைத்திருந்தான். போன் பேச வருகிறவர்களைவிடக் கிரிக்கெட் பார்க்க வருகிறவர்கள்தான் அதிகம். அவன் ஸ்டுடியோ வாசலில் வந்து நின்று தலையைச் சொறிந்தான்.

"அக்கா, தப்பா நெனச்சிக்காத. ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு."

"உங்க சாமி வந்ததுலருந்து எங்க டிவில புல்லு கத்திரிக்கா கலர்ல கீது. ஆளுங்க மூஞ்சில பச்ச அடிக்குது. பசங்க இன்னாடான்னா, மாமே இது உள்ளூர் மேட்சா, இல்ல வேற கெரகத்துல ஆடறானுங்களான்னு கலாய்க்கறானுங்க."

அண்ணி எழுந்து போனார். டிவியின் மேலே இடது பக்கம் வேளாங்கண்ணி மாதா, வலது பக்கம் முருகன் பெட்டி. பெட்டிக்கு நேர் கீழே மைதானத்தில் அதே பச்சை, அதே கத்திரிப்பூ. அண்ணி பெட்டியை இரண்டு கைகளாலும் எடுத்தார். திட்டு சுருங்கியது. மாதா பக்கம் கொண்டுபோனார். திட்டும் பின்னாலேயே வந்தது. மறுபடி வலது பக்கம். அதுவும் வலது பக்கம் வந்தது. கிரிக்கெட் பார்க்க வந்த ஒருவன், "அக்கா, பவுலர மறைக்குது," என்றான். அவர் காதில் விழவில்லை. பெட்டியைத் திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். மரச்சட்டத்துக்கு நடுவே கறுப்புத் துணி. விரலால் அழுத்தினால், உள்ளே வட்டமாக, கனமாக ஒன்று.

அங்கேயே ஒரு பூத்துக்குள் நுழைந்து பாஸ்கரனைக் கூப்பிட்டார்.

"தம்பி, அன்னிக்கு ஸ்பீக்கர் இருக்கான்னு கேட்டியே."

"இல்லன்னீங்களேக்கா."

"இருந்துச்சுப்பா. சாமி சொல்லிக்கினு இருக்காரே, அது எதுக்குள்ளருந்து சொல்றாரு?"

அந்தப் பக்கம் பாஸ்கரன் ‘முருகா’ என்றது கேட்டது.

"அக்கா," என்றான் பிறகு, "நான் அதத் தொட்டுக் கும்புட்டேனே."

ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, அந்தக் காந்தம் திரைக்குள் போகிற நிறங்களைக் கொஞ்சம் தள்ளிவிடுகிறது, அதனால் ஒரு நிறத்தின் இடத்தில் இன்னொரு நிறம் விழுகிறது என்று விளக்கினான். பெட்டியைத் தள்ளி வைத்துவிட்டு, மானிட்டரை அணைத்துப் போட்டால் அந்த டம் சத்தத்தோடு மிச்சமும் கலைந்துவிடும் என்றான். வேறு எந்தக் கோளாறும் இல்லை. டியூபும் போகவில்லை, வயிற்றெரிச்சலும் இல்லை.

ஜோசப்ராஜ் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு நின்றான். "அப்ப எங்க வைக்கறது முருகன? கீழ வைக்க மனசு வரல."

"ஜெராக்ஸ் மெஷின் மேல வை."

"அதுல கருப்பு வெள்ளதான். அதுக்கு ஒண்ணும் ஆவாது," என்று பெட்டியை வாங்கிக்கொண்டான்.

கஷ்டமான வேலை இனிமேல்தான் இருந்தது. முதலாளியிடம் எப்படிச் சொல்வது? உங்கள் வேண்டுதல்தான் கெடுத்தது என்றா? அண்ணி இதைப் பற்றி என் அண்ணனிடம் கேட்டாராம். அண்ணன், "சொல்லாத. ரெண்டு நாள் கழிச்சு வேற எதாவது சாக்கு வச்சு மாத்திடு," என்றிருக்கிறார். அண்ணிக்கு அது சரிப்படவில்லை. சாக்குச் சொல்லி நகர்த்தினால், அடுத்த பூஜைக்கு முதலாளி பெட்டியைத் தூக்கி மறுபடியும் உச்சியில் வைப்பார்.

சனிக்கிழமை காலை கோவிந்தராஜ் காரியம் முடிந்து மொட்டைத் தலையோடு வந்தார். அண்ணி அவரைக் கவுண்டருக்கு அந்தப் பக்கம், ஜனங்கள் உட்காருகிற பெஞ்சில் உட்காரச் சொன்னார். அமுதவல்லியின் முகம் திரையில் இருந்தது. பளிச்சென்று இருந்தது.

"அதான் போனுலயே சொன்னியே," என்றார் அவர்.

அண்ணி ஜோசப்ராஜின் கடையிலிருந்து பெட்டியை வாங்கி வந்து மானிட்டரை நோக்கி மெதுவாக நீட்டினார். கன்னம் பச்சையானது. பின்னால் இழுத்தார். கன்னம் சுத்தமானது.

கோவிந்தராஜ் எழுந்துவிட்டார். "இன்னா சாமு, சாமி மேல பழி போட்றியா?"

"சாமி மேல இல்லண்ணே. சண்முகசுந்தரம் வச்ச ஸ்பீக்கர் மேல. அதுல காந்தம் கீது."

"நிறுத்திட்டு வச்சா?"

"நிறுத்தினாலும் காந்தம் காந்தம்தானேண்ணே. சத்தம் மட்டும்தான் நிக்கும்."

அவர் பெட்டியை வாங்கித் தானே நீட்டிப் பார்த்தார். இழுத்தார். நீட்டினார். சின்னப் பிள்ளை மாதிரி பலதடவை செய்தார். பிறகு பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பெஞ்சிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"தப்பு எம்மேலதான்," என்றார் கடைசியில். "சாமியப் போயி ஒரு பொட்டிக்குத் தொணையா ஒக்கார வச்சிட்டேன். நமக்கு முதுகக் காட்டிக்கினு இருக்க வச்சா எப்டி பாப்பாரு? அவரு எதுருல இருக்கணும். நம்மளப் பாத்துக்கினு."

எதிர்ச் சுவரில், வாசற்படிக்கு மேலே, காலண்டர் மாட்டியிருந்த இடத்தில் பலகை அடிக்கச் சொன்னார். காரியத்தோடு தீட்டும் கழிந்துவிட்டதால் அன்றே பெட்டி அங்கே ஏறியது. அங்கிருந்து மானிட்டர் நல்ல தூரம். முருகன் இப்போது திரையைப் பார்த்துக்கொண்டு சொல்ல ஆரம்பித்தார். அண்ணி இரண்டு திரைகளையும் அணைத்துப் போட்டார்.

"ஆனி முகூர்த்தத்துக்குக் கம்ப்யூட்டர் இருக்கட்டும்," என்றார் கோவிந்தராஜ், யாரோ அதை விற்கச் சொன்ன மாதிரி. "வேம்புலிக்கு நீயே போன் போடு. நாளைக்கு ஆவடிக்குப் போறதுக்கு முன்ன இங்க வந்து ஒருதபா பாத்துட்டுப் போவட்டும். நாத்தனாரையும் இட்டுகினு வரச் சொல்லு. அந்தப் பொண்ணுதான் முக்கியம்."

வேம்புலியம்மாள் வீட்டில் போன் கிடையாது. கொடுத்திருந்தது பக்கத்து வீட்டு நம்பர். மணியடித்தால் அந்த வீட்டுப் பெண் எடுப்பாள். விஷயம் சொன்னால் மதிலோரம் நின்று குரல் கொடுப்பாள். வேம்புலியம்மாள் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வர வேண்டும். சனிக்கிழமை மத்தியானம் எஸ்டேட் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்திருப்பார்.

அண்ணி தன் நாற்காலியில் உட்கார்ந்து நம்பரைச் சுழற்றினார். ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டார். கை சும்மா இருக்கவில்லை. அமுதவல்லியின் நெற்றியில் வியர்வையில் ஒட்டியிருந்த ஒரு முடியை எடுக்க ஆரம்பித்தார்.

அந்தப் பக்கம் பெஞ்சில் பாஸ்போர்ட் படத்துக்கு வந்த அம்மாள் ஒருத்தி தலைவாரிக்கொண்டிருந்தாள். சீப்பை நிறுத்தித் திரையைப் பார்த்தாள்.

"பொண்ணு லட்சணமா கீது. யார் ஊட்டுப் பொண்ணும்மா?"

"எஸ்டேட் வாசல்ல சாப்பாட்டுக் கடை வச்சிருக்காங்களே, வேம்புலியம்மா, அவங்க பொண்ணு."

"அந்தப் பொண்ணா? மூஞ்சில என்னமோ பச்சன்னு சொன்னாங்களே."

"எங்கம்மா இருக்குது பச்ச? நல்லாப் பாருங்க."

அந்த அம்மாள் எழுந்து கிட்டே போய்ப் பார்த்தாள். முந்தானையால் கண்ணாடியைத் துடைத்தும் பார்த்தாள். "ஒண்ணுத்தயும் காணோமே. எங்க சின்னவளுக்கும் ஆனில வச்சிருக்கோம்," என்று திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"எடுத்தாங்களா?" என்று கல்லாவிலிருந்து கேட்டார் கோவிந்தராஜ்.

"ரிங் போயிக்கினு இருக்குண்ணே."

"போவட்டும். வைக்காத."

அண்ணி வைக்கவில்லை. இன்னொரு முடியை எடுத்தார். நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பக்கத்துத் திரையும் அந்தக் கன்னமும் இங்கிருந்து தெரியாது. பெஞ்சில் உட்கார்ந்து திரையைப் பார்க்கும் அந்த அம்மாளின் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே காத்திருந்தார். வேம்புலியம்மாள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.